டார்ச் வாங்கப் போன பன்றி

குன்னிமேட்டில் டார்ச் வாங்கப் போகிறவர்கள் ஒரு காட்டுப்பன்றியையும் கூட்டிக்கொண்டு போவார்கள். கல்யாணப் புடவை எடுக்கப் பெண்ணைக் கூட்டிப் போவதில்லையா, அதுபோலத்தான். வெளிச்சம் விழப்போவது பன்றியின் கண்ணில். அது பார்த்துச் சொன்னால்தான் சரியாக இருக்கும்.

ஊருக்கும் பன்றிகளுக்கும் உள்ள ஒப்பந்தத்தில் சிக்கல் ஒன்றும் கிடையாது. இருட்டியதும் இருவரும் தோட்டத்தில் எதிரெதிரே நின்று ஒருவர் கண்ணில் ஒருவர் டார்ச் அடிக்க வேண்டும். யார் கண் கூசி மூடுகிறதோ அவர் அந்த வெள்ளாமை முடியும்வரை காட்டில் இருந்துகொள்ள வேண்டும். மற்றவர் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நாச்சிமுத்துவின் பழைய டார்ச் மங்கிவிட்டது. தோட்டத்திலோ சர்க்கரைவள்ளி நன்றாக இறங்கியிருந்தது. அதை விட்டால் அந்த வருஷத்துக்கு வேறு போக்கிடம் இல்லை. "பார்த்து நல்லதா வாங்குங்க. உங்க புத்தியக் காட்டீராதீங்க" என்று சொல்லித்தான் மனைவி வேலாத்தாள் அனுப்பினாள். பஸ் நிறுத்தத்தில் பன்றி காத்திருந்தது. கடைக்குப் போகிற நாள் என்பதால் சேற்றில் புரளாமல் வந்திருந்தது.

டவுனில் சுல்தான் பாய் கடைக்குப் பின்னால் நீளமான இருட்டுச் சந்து ஒன்று உண்டு. பன்றி சந்தின் கோடியில் போய் நின்றது. பாய் முதலில் ஒரு எஃகு டார்ச்சை அடித்தார். அதில் ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது.

"கூசுதுங்ணா" என்றது பன்றி. "ஒண்ணுமே தெரியலீங்க."

அடுத்து ஒரு பிளாஸ்டிக் டார்ச். பக்கவாட்டில் டியூப் லைட், பிடியில் ரேடியோ, அடியில் போலீஸ் சைரன். விலையும் குறைவு. நாச்சிமுத்துவுக்கு வாயெல்லாம் பல்.

"இது வேண்டாமுங்ணா" என்றது பன்றி. "நீங்க போட்டிருக்கிற சட்டைப் பொத்தான்கூடத் தெரியுதுங்க. முன்னாடி சொன்னதையே எடுத்துக்கோங்க."

நாச்சிமுத்து யோசித்தார். எதிராளி ஒன்றை எடுத்துக்கொள் என்றால் அதில் ஏதோ உள்குத்து இருக்கும். நம்மிடமேவா? அவர் ரேடியோ டார்ச்சைக் கட்டச் சொன்னார். பன்றி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு இரண்டு தேனடையைக் கொடுத்து எஃகு டார்ச்சைத் தனக்கு வாங்கிக்கொண்டது.

அன்று இருட்டியதும் இருவரும் தோட்டத்தில் நின்றார்கள். நாச்சிமுத்துவின் டார்ச் பழைய பாட்டு ஒன்றை அருமையாகப் பாடியது. பன்றி தன் பொத்தானை அழுத்தியது. நாச்சிமுத்துவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே" என்று திட்டிக்கொண்டே வேலாத்தாள் சட்டிபானையைக் கட்டினாள். காட்டில் பன்றிகள் விட்டுப்போன புதர் வசதியாகத்தான் இருந்தது. ஆனாலும் கீழே தன் கிழங்கைப் பன்றிக்குட்டிகள் பாத்தி பாத்தியாகத் தோண்டுவதைப் பார்க்கும்போது நாச்சிமுத்துவுக்கு வயிறு எரிந்தது.

அந்த வெள்ளாமை முடிந்து, அடுத்த போட்டிக்கு நாள் நெருங்கிய சமயத்தில் பன்றி புதருக்கு வந்தது. டார்ச்சைக் குட்டிகள் கிணற்றில் போட்டுவிட்டனவாம்.

"புதுசு வாங்கோணுமுங்க. கண்ணு காட்ட ஒரு ஆள் வேணும். வாரீங்களாண்ணா?"

நாச்சிமுத்து தலை சீவிக்கொண்டு கிளம்பினார். இந்த முறை சந்தின் கோடியில் நின்றவர் அவர். எஃகு டார்ச் அடித்ததும் கண் இறுக மூடிக்கொண்டது. ரேடியோ டார்ச்சுக்குப் பன்றியின் மீசை மயிர்வரை தெரிந்தது. மாற்றிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. ஒரு பொய், தோட்டம் திரும்ப வந்துவிடும். ஆனால் அன்றைக்குப் பன்றி பொய் சொல்லவில்லை. அது அவரைப் போட்டு அறுத்தது.

"எஃகுதாம்ப்பா கூசுது" என்றார். "அதையே எடுத்துக்க."

பன்றி அவரை மேலும் கீழும் பார்த்தது. மூக்கைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தது.

"பாய், அந்த ரேடியோவையே கட்டுங்க" என்றது.

நாச்சிமுத்து எஃகு டார்ச்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். பன்றி ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டு வைத்தது. கண்டக்டர் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொன்னார்.