பூட்டண்ணனின் சாவிக்கொத்து

நாற்சந்தி நடுவில் வண்டி மறுபடியும் மூச்சை நிறுத்தியபோது மெத்தைக்காரி சாமியைக்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருந்தது. பின்னால் அவள் தைத்த மெத்தைகள் ஆளுயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தன. அதற்கும் பின்னால் ஊர்ப்பட்ட ஹாரன் சத்தம். பக்கத்தில் அவள் புருஷன் சாவியைத் திருகு திருகென்று திருகிக்கொண்டிருந்தார். "நேத்துதானேடா உன்னை ஒர்க்‌ஷாப்புலேர்ந்து கூட்டிட்டு வந்தேன்!" என்று அந்தக் கிழட்டு பிக்கப் வண்டியிடம் நியாயம் வேறு கேட்டார்.

விடுதிப் பிள்ளைகள் இன்று சாயங்காலம் வந்துவிடுவார்கள். புதுக் கட்டடம், புதுக் கட்டில்கள், மெத்தைக்கு மட்டும் இவள் பொறுப்பு. மாதிரி மெத்தை கொண்டுபோன அன்றைக்கே வண்டி வழியில் படுத்து, போய்ச் சேரும்போது விடுதி அலுவலகத்தை மூடிவிட்டிருந்தார்கள். வார்டன் அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "இருட்டறதுக்குள்ள மெத்தை வரலைன்னா நான் வேற கடையைப் பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க." தலையணைக்குப் பஞ்சு மாற்றிக் கொடுத்தே காலம் தள்ளியவளுக்கு முதன்முதலாக வந்த பெரிய ஆர்டர். இது கைநழுவினால் இன்னொன்றை யார் தூக்கிக் கொடுப்பார்கள்?

வண்டிக்கு என்ன வியாதி என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை. பேட்டரி புதுசு. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மாட்டியாகிவிட்டது. வயர்களை ஒன்று விடாமல் பார்த்தாயிற்று. ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் மட்டும் அந்தச் சனியன், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அத்தனை மரியாதையாக நடந்துகொள்ளும். தொட்டால் ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் தெருத் தெருவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணுமில்லண்ணே, உங்களுக்கும் அதுக்கும்தான் ஆகலை" என்று சிரிப்பார். வீட்டுக்கு வந்த மறுநாளே பழைய கதை.

புருஷனுக்குத் தெருவில் 'பூட்டண்ணன்' என்று பெயர். எப்போதோ எவனோ ஒருத்தன் தையல் மெஷின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். அன்று பிடித்த பைத்தியம். கேட்டுக்குப் பூட்டு, வீட்டுக்குப் பூட்டு, தையலறைக்கு, பஞ்சு அறைக்கு, நூல் அலமாரிக்கு. எந்தப் பூட்டுக்கென்றே மறந்துபோன சாவிகள் வேறு. எல்லாம் ஒரே இரும்பு வளையத்தில், வண்டிச் சாவியோடு கோத்துக் கிடக்கும். நூல்கண்டு தீர்ந்தால் அவள் அவரைத்தான் கூப்பிட வேண்டும். அவர் வெளியே போயிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் என்ன திருடியா என்று கேட்க எத்தனையோ தடவை நாக்கு துறுதுறுத்ததுண்டு. கேட்டதில்லை.

நாலு பேர் கைகொடுத்து வண்டியை மரத்தடிக்குத் தள்ளினார்கள். புருஷன் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டார். "சாவியை ஆன்ல வச்சு, சிவப்பு லைட் எரியுதான்னு பாரு!"

அவள் நகர்ந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எரியவில்லை. கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. இதை வைத்துக்கொண்டுதானே என்னை ஆட்டிப்படைக்கிறார் என்ற எரிச்சலில் அதை உள்ளங்கையில் ஏந்தினாள். எவ்வளவு கனம்! அதே நேரத்தில் விளக்கு எரிந்தது.

கையை எடுத்தாள். அணைந்தது. மறுபடி ஏந்தினாள். எரிந்தது.

"என்னங்க, இங்க வாங்க. மெக்கானிக்கிட்ட வண்டியை விடறப்ப சாவியைக் கொத்தோடவா குடுத்தீங்க?"

"எனக்கென்ன பைத்தியமா? வீட்டுச் சாவியே அதுலதானே இருக்கு! வண்டிச் சாவியை மட்டும் கழட்டித்தான் குடுப்பேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"பின்னே?" என்றார், பெருமையாக.

அவளுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, ஏந்தியும் விட்டும் காட்டினாள். அவர் பானெட் கரி பூசிய முகத்தோடு விளக்கையே பார்த்தார். போனில் விஷயத்தைக் கேட்ட மெக்கானிக் கத்தியே விட்டார். "அடப்பாவி அண்ணே! சுவிட்ச் உள்ள தேஞ்சிருக்கு, கனம் தாங்கலை. நீங்க கொத்தைக் காட்டியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே! இப்பச் சாவியை மட்டும் போட்டு ஓட்டுங்க. நாளைக்கு சுவிட்சையே மாத்திடலாம். அந்தக் கொத்தை எங்கயாவது பூட்டி வைங்க!"

ஒற்றைச் சாவியில் வண்டி கிளம்பியது. விடுதிச் சாலையில் ஒரு வேகத்தடை வந்தது. வேகத்தடையில்தான் அது வழக்கமாக உயிரை விடும். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரமும் தடக்கென்று இறங்கியது. மெத்தைகள் குலுங்கின. என்ஜின் அது பாட்டுக்கு ஓடியது. அப்பாடா!

மடியில் கிடந்த கொத்தில் தையலறைச் சாவியையும் நூல் அலமாரிச் சாவியையும் அவள் தேடிப் பிடித்திருந்தாள். யாரையும் கேட்காமல் வளையத்தை நகத்தால் நெம்பினாள். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். இதோ கத்தப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே இன்னும் அழுத்தி நெம்பினாள்.

"அது கெட்டி வளையம், நகம் உடைஞ்சிடும்," என்றார். "போய்ச் சேரட்டும், நானே கழட்டித் தரேன்."

"அப்புறம் மறந்துடுவீங்க."

"மாட்டேன்." கொஞ்ச தூரம் போனதும் சொன்னார். "கேட் சாவியையும் நீயே வச்சுக்க. வண்டியே தாங்கலைங்குது."

விடுதி வாசலில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. வார்டன் அம்மா படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைகளை எங்கே இறக்குவது என்று கேட்க, புருஷன் கதவைத் திறந்து குதித்து ஓடினார். தீப்பெட்டி வாங்க இறங்கினாலும் சாவியை உருவி, கதவைப் பூட்டி, பூட்டியதை இழுத்தும் பார்க்கிற மனுஷன். வண்டிக் கதவு திறந்தே கிடந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அந்த ஒற்றைச் சாவி அதோடு சேர்ந்து மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.