இரு கைகளுக்கு நடுவே

நான் பல் கட்டுகிறவள். மருத்துவர்கள் அனுப்பும் அளவுகளை வைத்து, முகம் பார்த்திராதவர்களுக்குப் பல் செட் செய்து அனுப்புவது வேலை. எங்கள் லேபில் நான்கு பேர், ஒரு ஃபர்னஸ், ஓயாமல் சுற்றும் ஒரு பாலிஷ் மெஷின். அங்கேதான் ஒரு நாள் சிற்பம் செய்யும் ஒரு அம்மா வந்து, பல் அளவு எடுக்கும் பவுடர் மூட்டைக் கணக்கில் வேண்டும் என்றார்.

"எத்தனை பேருக்குப் பல்லு கட்டப் போறீங்க?" என்று கேட்டார் முதலாளி.

"பல்லுக்கு இல்ல சார். ரெண்டு பேருக்கு நடுவுல இருக்கற இடத்துக்கு."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "இது உன் கேஸு. நீயே பாத்துக்கோ," என்று உள்ளே போய்விட்டார்.

அப்படித்தான் விடுமுறை நாட்களில் அந்தச் சிற்பியம்மாவின் கண்காட்சிக் கூடத்துக்குப் போகத் தொடங்கினேன். மேலே திறந்த ஒரு பெட்டி. எதிரெதிரே இருவர் உட்கார்ந்து ஆளுக்கொரு கையை உள்ளே தொங்கவிட வேண்டும், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி. எவ்வளவு நெருக்கம் என்பது அவர்கள் பாடு. பிறகு பவுடரைத் தண்ணீரில் குழைத்து ஊற்றுவோம். ரப்பர் போல இறுகும். கைகளை உருவிய பிறகு, இரண்டு குழிகளுக்கு நடுவே நிற்கும் சுவரை மட்டும் சிற்பியம்மா அறுத்தெடுப்பார். அதைப் பிளாஸ்டரில் வார்த்து நூலில் தொங்கவிடுவார்.

முதல் சுவரை என் கையில் கொடுத்தார். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த கணவன் மனைவியுடையது. செங்கல் கனம். ஒரு பக்கம் அவர் ரேகைகள், மறுபக்கம் அந்த அம்மாவின் ரேகைகள். காற்று என்று நினைத்திருந்த ஒன்று கையில் கனத்தது. வாய்களுக்குள் இருக்கும் காலி இடத்தை நிரப்பியே இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன். அந்த இடத்துக்கு ஒரு முகம் இருக்கும் என்று தோன்றியதே இல்லை.

அன்றே என் தங்கையை நினைத்தேன்.

வீட்டில் அவளுக்குச் சிணுங்கி என்று பேர், தொட்டாச்சிணுங்கி. கைக்குழந்தையாக இருந்தபோதே யாராவது தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வாள். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா இறந்த அன்று, வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நான் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். "விடுக்கா" என்றாள். விடவில்லை. மூன்று முறை சொன்னாள். பிறகு தள்ளினாள். நான் பின்னால் இருந்த நாற்காலியோடு சேர்ந்து விழுந்தேன்.

"அப்பன் செத்த வீட்ல அக்காவையே தள்றா பாரு, கல்நெஞ்சக்காரி," என்று அத்தை ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வாரமே தங்கை வேறு அறை பார்த்துக்கொண்டு போனாள். எட்டு மாதமாகப் போனில் "ம்", "சரி", "வைக்கறேன்". இருந்த ஒரே உறவும் இப்படியே தேய்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். "தொடவே வேண்டாம். சும்மா எதிர்ல உக்காந்தா போதும்."

அவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"நீ கையை அசைக்க மாட்டியா?"

"மாட்டேன்."

"போன தடவையும் வாயைத் திறந்து சொன்னேன்க்கா. மூணு தடவை."

"கேட்டுச்சு. கேட்டும் விடல. அத்தை பேசினப்பவும் சும்மா இருந்துட்டேன்."

"எத்தனை மணிக்கு வரணும்?"

அன்று பவுடரை நானே குழைத்தேன். வேறு கைக்கு விட மனமில்லை. அவள் பெட்டியின் அந்தக் கோடியில் கையை இறக்கினாள். நான் இந்தக் கோடியில். நடுவே நான்கு விரல் அகலம். சிற்பியம்மா ஊற்றினார். மணிக்கட்டுவரை வெள்ளை ஏறியது, கைகள் மறைந்தன.

"நாலு நிமிஷம், ஆடாம இருங்க."

நாலு நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "கூழாவே இருக்கே! என்ன தண்ணி ஊத்துனீங்க?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. லேபில் ஃபர்னஸ் பக்கத்தில் வேலை, அந்தச் சூட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றினால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அதனால் எப்போதும் ஐஸ் தண்ணீர்தான். அந்தப் பழக்கத்தில், இந்த ஏசி அறையிலும் ஃபிரிட்ஜைத் திறந்து எடுத்து ஊற்றியிருந்தேன்.

"இன்னும் கால் மணி நேரம் ஆகும்," என்றேன்.

"ஒரு வேலையாவது உருப்படியா செஞ்சிருக்கியா நீ?" என்றாள் தங்கை. எட்டு மாதத்தில் அவள் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு நன்றாக இருந்தது.

"வேணாம்னா கையை எடுத்துடு. வேற குழைக்கறேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இருக்கட்டும்."

குளிரில் என் விரல்கள் ஒவ்வொன்றாக மரத்துப் போயின. மணிக்கட்டுவரை கை என்னுடையதாகவே இல்லை. எதிரே அவள் தலை குனிந்து வெள்ளைப் பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் அப்பாவுக்கு இருந்த அதே மடிப்பு. கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் யாருக்குத் தெரியும் என்று மனம் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒருவழியாக இறுகியது. கைகளை உருவினோம். அவள் கழுவப் போனாள். சுவரை அறுத்தெடுத்த சிற்பியம்மா அதைப் பார்த்தபடியே நின்றார்.

"யாரு நகர்ந்தது?"

"சத்தியமா நான் இல்ல."

சுவரை வாங்கி ஜன்னலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தேன். என் பக்கம் ரேகைகள் கல்லில் வெட்டியதுபோல் அசையாமல் இருந்தன. அவள் பக்கம் ஒரு விரல் மட்டும் நான்கு விரல் தூரமும் இழுபட்ட தடம், இறுகிக்கொண்டிருந்த கூழுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி வந்த தடம். அது வந்து முடிந்த இடத்தில், என் மோதிர விரல் நுனிக்கு நேரே, சுவரே இல்லை. கடுகளவு ஓட்டை. அதன் வழியாக வெளிச்சம் வந்தது. என் மரத்த விரலுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

தங்கை கையைத் துடைத்தபடி வந்தாள். "ஓட்டை ஆயிடுச்சா?"

"ஆமா."

"அடைச்சிடுவியா?"

எங்கள் தொழிலில் அளவு அச்சில் ஓட்டை விழுந்தால் முதல் வேலை மெழுகு வைத்து அடைப்பதுதான்.

"மாட்டேன்," என்றேன்.

"அப்ப வார்க்கற அன்னிக்கு நானும் வரேன். நீ தனியா செஞ்சா ஏதாவது சொதப்புவ."

என் பக்கத்தில் வந்து, ஒரு முழம் தள்ளி நின்று, சுவரை அண்ணாந்து பார்த்தாள். அந்த ஒரு முழத்தை நான் அப்படியே விட்டேன்.