ஐந்து சுரக்காரன்

புதுக்கோட்டை வட்டாரத்தில் ஆர்மோனியக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தன்னைத் தவிர மற்றவனெல்லாம் வெறுமனே துருத்தி அழுத்துகிறவன் என்பது கண்ணுசாமியின் கட்சி. அப்பேர்ப்பட்ட மனுஷர் எதிரில், அறுபத்தாறாம் வருஷம், ஆலங்குடிக் கடலை மில் கொட்டகையில், சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய நாகராசு ஒரு கிதாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கிதாரா அது! சிவப்புச் சாயம் அடித்த பலகை. குடம் கிடையாது, ஓட்டை கிடையாது. மைக் செட்டில் வயரைச் சொருகினால்தான் வாயே திறக்கும்.

மில் முதலாளி செல்லமுத்துதான் திருவிழாக் கமிட்டித் தலைவர், நாகராசுவுக்குத் தாய்மாமன். இந்த வருஷ நாடகத்தில் கண்ணுசாமியின் ஆர்மோனியத்தோடு கிதாரும் இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"ரெண்டும் ஒத்து வருதான்னு பாப்போம். வரலைன்னா ஒண்ணு போதும்" என்றார்.

எந்த ஒன்று என்று அவர் சொல்லவில்லை. கண்ணுசாமிக்குப் புரிந்துவிட்டது. சம்பளம்கூடப் பெரிதில்லை. ஸ்திரீபார்ட் அமிர்தவல்லிக்குச் சுருதி கொடுக்கிறவர் அவர். அவர் கட்டையைத் தொட்டுக் காட்டாமல் அவள் எந்த மேடையிலும் வாயைத் திறந்ததில்லை. அந்த உரிமையை இன்னொருத்தன் பங்குபோட வருவதா? அதுவும் இவனா?

"எந்த வாத்தியார்கிட்டப் படிச்ச?" என்று கேட்டார்.

"வாத்தியாரெல்லாம் இல்லைங்க. வெள்ளைக்காரச் சோல்ஜருங்க ஆடுற கிளப்புல மேசை தொடச்சேன். ரெக்கார்டு போடுவாங்க. கேட்டுக் கேட்டுக் கை பழகிருச்சு."

"மேசை தொடச்சியா! சரி, எத்தன சுரம் தெரியும்?"

"அஞ்சுங்க" என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் கழுத்துப் பலகையைக் காட்டினான் நாகராசு. "இந்தக் கட்டத்துல ஆள்காட்டி வெரல வச்சா அஞ்சும் கைக்குள்ளயே வந்துரும். எங்கிட்டுத் தொட்டாலும் தப்பே வராதுங்க."

"தப்பே வராதா? அப்ப மனுசன் எதுக்கு? ஒரு கொரங்கப் புடிச்சு ஒக்கார வச்சாப் போதுமே!"

கடலை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நாகராசுவும் கூடச் சேர்ந்து சிரித்தான். சொரணை கெட்ட பயல் என்று கண்ணுசாமிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் வாசித்தான். நாலே அடி எடுத்து வைக்கிற ஒரு துண்டு; முடிந்ததும் திரும்ப அதே துண்டு; திரும்பவும் அதே. கண்ணுசாமியின் காது உடனே கணக்குப் பார்த்துவிட்டது. ச, க, ம, ப, நி. ரியும் இல்லை, தாவும் இல்லை. சுத்த தன்யாசியைத் தெருவில் போட்டு இழுக்கிறான்!

"விக்கல் எடுக்குது, தண்ணி குடுங்கப்பா" என்றார்.

பிறகு நாகராசு தனியாக மேலே ஏறினான். நிஷாதத்தில் விரலை வைத்துக் கம்பியை மேல்பக்கமாக நெட்டித் தள்ளினான். அது அழுதுகொண்டே போய் மேல் ஷட்ஜத்தில் ஒட்டியது. ஆர்மோனியத்தில் இப்படி இழுக்க வழியே கிடையாது என்பது கண்ணுசாமிக்குத் தெரியும். அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் கோபம் வந்தது.

செல்லமுத்துவின் கால் தாளம் போட ஆரம்பித்திருந்தது. "அமிர்தம், இந்த அடிக்கே ஒரு பாட்டப் பாடு. நடுநடுவுல தம்பி வாசிக்கட்டும்."

ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமிர்தவல்லி வழக்கம்போலக் கண்ணுசாமியைப் பார்த்தாள். அவள் எப்போதும் பாடுகிற சுருதியான ஐந்து கட்டையைக் கொடுத்தார். நாகராசுவின் கை முதலிலிருந்தே மூன்றாவது கட்டத்தில் குந்தியிருந்தது. அங்கேயே எல்லாம் பொருந்திவிட்டது. இவனுக்கு அந்த ஓர் இடம்தான் தெரியும், நகர்த்தினால் செத்தான் என்று கண்ணுசாமி முடிவு கட்டினார்.

முதல் சரணம் முடிந்ததும், சொல்லாமல் கொள்ளாமல் அரைக் கட்டை ஏற்றினார். அமிர்தவல்லி அவரை நம்பிக் கூடவே ஏறினாள். கிதார் ஒரே ஒரு சுரம் நாராசமாகக் கத்தியது. மாட்டிக்கொண்டானா என்று கண்ணுசாமி உதட்டைச் சுழித்தார். அதற்குள் நாகராசு கையை ஒரு கட்டம் தள்ளி வைத்தான். விரல் ஒன்றைக்கூட மாற்றவில்லை; அதே பிடி, அதே விக்கல், சுத்தமாகச் சேர்ந்துகொண்டது.

மறுபடி அரைக் கட்டை ஏற்றினார். அவனும் மறுபடி ஒரு கட்டம் தள்ளினான். ஒவ்வொரு தடவையும் ஆர்மோனியத்தின் கறுப்பிலும் வெள்ளையிலும் புது வழி தேடியவர் கண்ணுசாமிதான். வியர்வை மூக்கில் சொட்டியது. சீ, இதெல்லாம் ஒரு வித்தையா? படி ஏறுகிறவன்கூடக் காலை மாற்றி வைப்பான்!

புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். கண்ணுசாமி இன்னும் ஏற்றினார். அமிர்தவல்லி ஒருமுறை திரும்பி அவரைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். பார்க்காததுபோல ஏழு கட்டையைப் பிடித்தார். அவள் மேல் பஞ்சமத்துக்கு எக்கினாள். குரல் கிழிந்து, இருமலாகி நின்றுபோனது.

மில் ஆட்களில் யாரோ விசில் அடித்தார்கள். புடைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "கெழவி தொண்ட அவ்வளவுதான்" என்றாள். நாகராசு சட்டென்று வாசித்து அந்த இடத்தை மூடினான். கூட்டம் அவன் பக்கம் திரும்பிவிட்டது.

அமிர்தவல்லி ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முகம் சிவந்திருந்தது.

"அண்ணே, கட்டைய ஏத்துனது எனக்காகவா, அந்தத் தம்பிக்காகவா?"

"இல்லத்தா, அது வந்து... அஞ்சுலயே திரும்பப் பாடு. இந்தா, குடுக்குறேன்."

"வேணாம்ண்ணே." அவள் எழுந்துபோய் நாகராசுவின் பக்கம் நின்றாள். "தம்பி, நீங்க சுருதி குடுங்க. அஞ்சு கட்டை."

நாகராசு தயங்கிக் கண்ணுசாமியைப் பார்த்தான். பிறகு ஒற்றைக் கம்பியை மெல்லத் தட்டினான். அதில் ஒரு குறையாவது கண்டுபிடிக்கவேண்டும் என்று கண்ணுசாமி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு குறையும் இல்லை. அமிர்தவல்லி கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தாள்.

"என்னங்க ஆர்மோனியம், தூங்கிட்டீங்களா?" என்றார் செல்லமுத்து.

கண்ணுசாமி அந்தப் பயல் கொடுத்த சுருதியோடு சேர்ந்து துருத்தியை அழுத்தினார்.