காற்றுப்பையும் என் சீட்டும்

1
மனைவி கடைசியாகச் சலவைக்குப் போட்ட துணியை வாங்கப் போன இடத்தில் கிடைத்த கதை இது. அவள் இறந்து நான்கு மாதம். சலவைக்கடைச் சீட்டு அவள் கைப்பையில் இருந்தது. துணி இன்னும் என் கைக்கு வரவில்லை.

2
முதல் தொடக்கம்: வானத்தை நக்கும் தீ நாக்கு ஒன்று அந்த ஊரை—

(அடித்துவிட்டேன். தீக்கு நாக்கு வைத்து எழுதாதவர்கள் யார்?)

இரண்டாவது: சலவைக்கடை அக்காவின் கொல்லையிலிருந்து பார்த்தால் எரிவாயுக் கிணறு தெரியும். வேண்டாத வாயுவை உயரமான குழாயில் எரிக்கிறார்கள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் காயும் துணியெல்லாம் கரி. ஓட்டல்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடமும் போய்விட்டது. மிச்சம் ஆஸ்பத்திரியின் அறுபது வெள்ளைக் கோட்டுகள். அவையும் இரண்டு தடவை சாம்பல் நிறத்தில் போய்த் திரும்பிவிட்டன. இன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி வரும். மூன்றாவது தடவை கிடையாது.

கிணற்றுக் கம்பத்தில், காற்றின் திசை காட்ட, நீளமான ஆரஞ்சுத் துணிப்பை ஒன்று பறக்கும். கம்பெனிக்காரர்களைவிட அக்காதான் அதை அதிகம் பார்ப்பாள். பை இந்தப் பக்கம் நீண்டால், "ஓடியாடீ!" என்று நாத்தனாரைக் கூப்பிட்டுத் துணிகளை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவாள்.

3
(இதை நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.)

நேற்று அந்தப் பையே சலவைக்கு வந்தது. கொண்டுவந்தவர் கிணற்றின் பாதுகாப்பு அதிகாரி.

"நாளைக்கு மேலிடத்துலேர்ந்து வர்றாங்கம்மா. இது கரிச்சட்டி மாதிரி இருக்கு."

"கரியா? உங்க புகையில கரியே இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களே சார்!"

அவர் இருமினார். "காலையில குடுத்துடுங்க. இது கம்பத்துல இல்லாம நாங்க எரிக்கக் கூடாது. விதி."

நாத்தனார் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்போ இதைக் குடுக்கவேண்டாம், அண்ணி" என்றாள், அவர் தெருமுனை தாண்டியதும்.

கம்பத்தில் பை இல்லாததால் தீ அணைந்தது. காலையில் அறுபது கோட்டும் கொடி ஏறின.

4
முடிவு ஒன்று: அக்கா பையைக் கிழித்துவிடுகிறாள்.

"அப்படி எழுதாதீங்க தம்பி" என்றாள், என் நோட்டை எட்டிப்பார்த்து. "வாங்கின துணியைக் கிழிச்சதா இந்தக் கடைக்குப் பேரில்ல. வெளுத்து மடிச்சு வச்சிருக்கேன். வந்து கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

முடிவு இரண்டு: மேலதிகாரி வருகிறார், வெள்ளைக் கோட்டுகளைப் பார்க்கிறார், மனம் மாறி—

(இதை என்னாலேயே முடிக்க முடியவில்லை.)

5
அதிகாரி வந்துவிட்டார். வேர்த்து, கையில் சீட்டோடு, எனக்குப் பின்னால் நிற்கிறார்.

"சீக்கிரம்மா!"

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல சார்? இவரு முதல்ல வந்தாரு." அக்கா என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "உங்க வீட்டுக்காரம்மா துணி என்ன நிறம், தம்பி?"

அக்காவின் தலைக்குப் பின்னால்தான் அது தொங்குகிறது. நீலம். கழுத்தருகே ஒரு பொத்தான் இல்லை.

"சரியா ஞாபகம் வரலக்கா."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல."

கோட்டுகளில் இன்னும் ஈரம் இருக்கிறது. எவ்வளவு நேரம்தான் ஒருவன் நீலத்தை மறக்க முடியும்? உங்களிடமும் பழைய சீட்டு ஏதாவது இருக்கும். தேடி எடுத்துக்கொண்டு வாருங்கள். அதிகாரிக்கு முன்னால் இன்னும் ஒருவர் நிற்க இடமிருக்கிறது.