ஏழாம் எண் ரத்தம்

வெள்ளையணுக்களில் ஒரு வகைக்குப் பிறக்கும்போது எந்தத் தொழிலும் தெரியாது. வருகிற சேதியைப் பொறுத்து ஒன்று கிருமியோடு மல்லுக்கட்டும், ஒன்று சண்டையை அடக்கும், ஒன்று வெறும் தூசிக்கே கொதித்துப்போய் மூச்சுக்குழாயை வீங்க வைக்கும். எது எதுவாக மாறியது என்று எண்ணிச் சொல்லும் மெஷின் எங்கள் ஆய்வகத்தில் என் பொறுப்பு.

எலித்தூசி ஒத்துக்கொள்ளாத நோயாளிகளின் ரத்தத்தில் அந்தத் தூசிச் சாற்றைச் சேர்த்து ஆறு நாள் வைப்போம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமென்றால் வெளியே யாரையும் தேடுவதில்லை, எங்களில் இரண்டு மூன்று பேர் சட்டைக்கையை மடக்கிவிடுவோம். இந்தத் தடவை என் வீட்டுக்காரியின் முறையும் வந்தது. ஆய்வகத்தின் எலி அறை அவள் பொறுப்பு. நாலு வருஷமாக ஒரு கிருமிகூட அண்டாமல் அவள் வளர்த்த எலிகள். அவற்றை வைத்து அவள் செய்யும் ஆராய்ச்சி முடிய ஒரு வாரம்தான் இருந்தது.

நல்ல ரத்தம் என்று குறித்திருந்த ஏழாம் எண் குழாயில் பாதிக்கு மேல் கொதிக்கிற வகை. குழாய் மாறிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஓட்டினேன். அதேதான். எங்கள் தலைவர், ஒத்துவராத கணக்கையெல்லாம் கூட்டித் தள்ளுவதால் நாங்கள் வைத்த பெயர் 'துடைப்பம்', எட்டிப் பார்த்துவிட்டு அதைத் தூக்கிப் போடச் சொன்னார். பட்டியலைப் புரட்டினேன். ஏழு அவள்தான். எலித்தூசி ஒத்துக்கொள்ளாதவள் இப்போது எலிகளுக்கு நடுவே.

எலி அறைக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேஜையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது, உதடு நீலம். என்னைப் பார்த்ததும் வராதே என்று கையசைத்தாள். உடை மாற்றாமல், தூசியை ஊதித் தள்ளும் காற்றுக்குளியல் இல்லாமல் யாராவது நுழைந்தால் அத்தனை எலியும் வீண். உடை மாற்ற ஏழு நிமிஷம். அவள் முழங்கால் மடங்கியது. செருப்புக்காலோடு இரண்டு கதவையும் தள்ளிக்கொண்டு போய் அவளை வாரித் தூக்கினேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி வழியாக மருந்து ஏறி, பேச்சு வர ஒரு மணி நேரமானது.

"ரெண்டு மாசமா தெரியும்," என்றாள். "சொன்னா உள்ள விடமாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு ரத்தம் கொடுத்தே?"

"என் முறை. மாட்டேன்னா ஏன்னு கேப்பீங்களே."

நழுவிய முகமூடியைச் சரிசெய்யப் போன என் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"உள்ள வந்தப்போ டிரஸ் மாத்துனீங்களா?"

"இல்ல."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என்னை மன்னிப்பாளா தெரியவில்லை. முதுகு குலுங்கக் குலுங்க அழுதாள். இவ்வளவு அழுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறதே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.