மாம்பழ நிறப் பட்டு

பீரோவில் இல்லாத புடவையை ஃபிளோரா வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அது இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தேடுவதை நிறுத்தினால் அப்பாவிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் பயம்.

காலையில்தான் அம்மா விண்ணரசியின் உடலைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, போட்டிருந்த நைட்டியோடு உள்ளறைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். கல்யாணப் புடவையைக் கட்டித்தான் பெட்டியில் வைக்க வேண்டும் என்று வந்ததுமே சொல்லிவிட்டார் அப்பா மிக்கேல்ராஜ். அந்த வீட்டு வழக்கம் அப்படி.

அத்தை எட்டிப் பார்த்தாள். "கெடச்சுதாடி? அண்ணன் ரெண்டு தடவ கேட்டுட்டாரு."

"பாக்கறேன் அத்தை."

மேல்தட்டு முழுக்க நைட்டிகள். கீரைக்காரி குரல் கேட்டால் போதும், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அதே கோலத்தில் தெருவுக்கு ஓடிவிடுவாள் அம்மா. அதன் கீழே இரண்டு சுடிதார்கள். அவற்றைப் பற்றி ஊருக்குள் மூச்சு விடக்கூடாது, போடுவது சென்னைக்கு ரயில் ஏறினால் மட்டும்தான். அடித்தட்டில் நைலக்ஸ் புடவைகளும் பலூன் கை ரவிக்கைகளும். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஃபிளோராவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அவள் முதன்முதலாகத் தாவணி போட்ட அன்று தோளில் ஊக்கு குத்திவிட்டு, திருப்பித் திருப்பி நிறுத்தி அழகு பார்த்தவள் அம்மா.

போன வருஷம் கல்யாணப் புடவையான அந்தத் திருபுவனம் பட்டை எடுத்து நீட்டியதும் அம்மாதான். "ஆஷ்லினுக்கு இதுல கவுன் தச்சுடு. உள்ள கெடந்து இத்துப் போறதுக்கு எம் பேத்தி போட்டுக்கட்டும். அப்பாட்ட மட்டும் இப்ப சொல்லாத."

ஃபிளோரா பீரோவைச் சாத்திவிட்டுக் கொல்லைக்குப் போனாள். வாய்க்காலைப் பார்த்தபடி அப்பா நாற்காலியில் இருந்தார்.

"அப்பா, புடவை இல்லப்பா. ஆஷ்லினுக்குக் கவுன் தச்சாச்சு. அம்மா சொல்லித்தான்."

"வெட்டியாச்சா?"

"ஆமாப்பா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா." அவர் குரல் உடைந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவர் இப்படி உடையவில்லை.

ஃபிளோரா போனில் ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினாள். கல்லூரி விழாவில் மகள் ஆஷ்லின் ஆடிக்கொண்டிருந்தாள். மாம்பழ நிறக் கவுன் குடைபோல விரிந்து சுற்ற, கணுக்காலைச் சுற்றி ஜரிகைக் கரை ஓடியது.

"இன்னொருதரம் போடு," என்றார். பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கல்யாணத்தன்னைக்கு இதக் கட்டிக்கிட்டுக் கோயில் படி ஏறத் தெரியாம தடுக்கி எங் கையப் புடிச்சா உங்கம்மா. பங்குச் சாமியாரே சிரிச்சுட்டாரு. இவ என்னமா ஆடறா பாரு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பூசைக்குக் கட்டுவாள்ல, ஊதாப் பூ போட்டது, அத எடு," என்றார். "அதுலதான் நல்லா நடப்பா."

அத்தையும் ஃபிளோராவும் கட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்கள். அப்பா உள்ளே வந்து தலைமாட்டில் நிற்காமல் கால்பக்கம் போனார்.

"நல்லாத்தாண்ணே கட்டியிருக்கோம்," என்றாள் அத்தை.

அவர் மூட்டுவலியோடு கட்டிலைப் பிடித்து மெல்லக் குத்தவைத்தார். கலைந்து கிடந்த கொசுவ மடிப்புகளை ஒவ்வொன்றாக நீவி, நுனியைச் சேர்த்து இழுத்துப் பிடித்தார்.

"புடிச்சுட்டேன். செருகிக்க," என்றார் அம்மாவின் முகத்தைப் பார்த்து.

பிடித்த கையை அவர் விடவில்லை.