அறுத்த பக்கம்

கனகாம்பிகையின் பங்கு ஒரு மாட்டு வண்டிலில் வந்து இறங்கியது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாதம். வண்டிற்காரன் அதை முற்றத்து வேலியோடு சாய்த்து வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே, "சோமசேகரம் ஐயா தந்துவிட்டவர்" என்று சொல்லிவிட்டு மாட்டைத் திருப்பினான்.

அது பாதி மேசை. இரண்டு கால்கள் இருந்தன. மற்றப் பக்கம் வாளால் நேராக அறுக்கப்பட்டு, பச்சைக் காயம் போல வெளிறிக் கிடந்தது.

முழு மேசையாக இருந்தபோது அது எட்டடி நீளம். அவளுடைய பாட்டன் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி வந்த ஒரு பயணத்தில் தேக்குப் பலகையும் கொண்டுவந்து பருத்தித்துறையில் வைத்துச் செய்வித்த மேசை அது. கப்பற் கடுதாசிகள், கலியாணப் பேச்சு, காணி வழக்கு எல்லாம் அதன்மேல்தான் நடந்தன. போன மாசி மாதம் தகப்பன் சாகக் கிடந்தபோது, சொந்தக்காரரான ஆழ்வாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மேசை ரெண்டு பிள்ளையளுக்கும்" என்று சொல்லியிருந்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் சந்தியோகு என்ற வேதக்காரத் தச்சனை, ஒரு கிறிஸ்தவனை, கலியாணம் முடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகளை அவர் கடைசியாக நினைத்தது அப்படித்தான். அவளுடைய தமையன் சோமசேகரமும் தகப்பன் சொல்லைத் தட்டவில்லை. மரம் அறுக்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, நடுவால் அறுத்து அனுப்பிவிட்டான்.

மத்தியானம் தோணித் துறையிலிருந்து வந்த சந்தியோகு மேசையைச் சுற்றி ஒருதரம் நடந்தான். விரலால் அறுத்த பக்கத்தைத் தடவினான்.

"நல்ல தேக்கு, கனகம். கழட்டினால் ரெண்டு கதவு செய்யலாம்."

"கழட்ட வேண்டாம்."

"ரெண்டு காலிலை மேசை நிக்காது."

"நிக்க வையுங்கோ."

அவள் அப்போது வீட்டு யன்னலால் இடியப்பமும் பிட்டும் விற்றுக்கொண்டிருந்தாள். பஸ் நிலையத்துக்குப் போகிற தெருவில் வீடு. சனங்கள் பார்சலை வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போவார்கள். முன்னுக்குத் தென்னோலைக் கிடுகால் ஒரு பத்தி இறக்கி, ஆட்களை இருத்திச் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் எண்ணம். அதற்கு ஒரு மேசைதான் இல்லாமல் இருந்தது.

பத்து நாள் அந்த மேசையோடு மாரடித்தாள். ஒரு காலின் அடியைக் கறையான் தின்றிருந்தது. அதைச் சந்தியோகு வெட்டி எடுத்து வேறு கட்டை பொருத்தினான். மேலே நாற்பது வருடத்து மையும் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. அவள் உடைந்த போத்தல் ஓட்டால் அதைச் சுரண்டினாள். கையில் இரண்டு இடத்தில் வெட்டியது. சீலைத் துணியைச் சுற்றிக்கொண்டு பிறகும் சுரண்டினாள். பிசுக்குக்குக் கீழே தேன் நிறத்தில் மரம் தெரிய வந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவ்வளவு வடிவான மரத்தில் வாள் வைக்க ஒருத்தனுக்கு மனம் வந்ததே என்ற கோபம்.

உடைந்த தோணியொன்றின் இலுப்பைப் பலகையில் சந்தியோகு இரண்டு புதுக் கால்கள் செய்தான். பழைய கால்களில் கடைசல் வேலை இருந்தது. புதுசு இரண்டும் வெறும் சதுரம். அறுத்த பக்கத்தைச் சுவரோடு போட்டால் ஒருவருக்கும் தெரியாது என்று அவன் சொன்னான். இல்லையென்றால் ஒரு சட்டம் அடித்து மறைக்கலாம்.

"மறைக்க வேண்டாம். அந்தப் பக்கம் தெருவைப் பாத்து நிக்கட்டும்."

"சனம் கேக்கும்."

"கேக்கட்டும். நானோ அறுத்தனான்?"

பத்தி இறங்கி, சாப்பாட்டுக் கடை தொடங்கியது. சனம் கேட்டது. பிட்டைக் குழைத்தபடி, "இதென்னக்கா, மேசை பாதியிலை நிக்குது?" என்று கேட்ட எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்.

"அண்ணை அறுத்துத் தந்த சீதனம்."

சிலர் சிரித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் அந்தப் பேச்சு சந்தைக்கும் கோயில் வீதிக்கும் போய்விட்டது. சோமசேகரம் அந்தத் தெருவால் போவதை விட்டு, சுற்றுப் பாதையால் சைக்கிளில் போகத் தொடங்கினான்.

ஆழ்வாப்பிள்ளை ஒருநாள் வந்து, சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுக் கதையைத் தொடங்கினார். "பிள்ளை, மேசையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் என்ன? அவன் ஊருக்குள்ளை தலை காட்ட ஏலாமல் இருக்கிறான்."

"திருப்பலாம், பெரியையா. எந்தப் பக்கம் திருப்ப வேணுமெண்டு அண்ணை வந்து தன்ரை வாயாலை சொல்லட்டும்."

அவர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வருடம் பங்குனியில், காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸால் மூன்று பேர் இறங்கிச் சாப்பிட வந்தார்கள். வயதானவர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் முத்துக்குமாரு. மற்ற இருவரும் அவருடைய தம்பிமார். சோமசேகரம் வீட்டுக்கு எந்த வழியால் போகவேண்டும் என்று கேட்டபோதே கனகாம்பிகைக்கு விளங்கிவிட்டது. தமையனின் மகள் மீனாம்பிகையைப் பொம்பிளை பேச வருகிற மாப்பிள்ளை வீட்டார். கனகாம்பிகை வீட்டை விட்டு வந்தபோது மீனாவுக்கு எட்டு வயது. வேலிப் படலைவரைக்கும் பின்னால் ஓடிவந்தவள்.

முத்துக்குமாரு அறுத்த விளிம்பில் பெருவிரலை வைத்தார். "நல்ல மரம். ஆர் இதிலை வாள் வைச்சது?"

கனகாம்பிகை சொதிச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உடைந்துபோனது என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பஸ் கண்டக்டருக்கும் மீன் விற்கிறவளுக்கும் சொன்ன உண்மையை இவர்களுக்கு மட்டும் ஏன் மறைக்கவேண்டும்? மறைத்தால் அது மீனாவுக்காக அல்ல, தமையனுக்காகத்தான் இருக்கும்.

"நீங்கள் போற வீட்டிலை மற்றப் பாதி கிடக்கு" என்றாள். "நான் சோமசேகரத்தின்ரை தங்கச்சி. வேதக்காரனை முடிச்சதாலை எனக்குக் கிடைச்ச பங்கு இது. ஆனால் பெட்டை தங்கமான பிள்ளை. மேசையை அறுத்தது அவளில்லை. அதையும் நினைவிலை வைச்சுக்கொண்டு போங்கோ."

முத்துக்குமாரு அறுத்த விளிம்பிலிருந்து பெருவிரலை எடுத்தார். இன்னொரு கரண்டி சொதி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கே நடந்ததை ஆழ்வாப்பிள்ளைதான் வந்து சொன்னார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று முத்துக்குமாரு கேட்க, தான் தனிப்பிள்ளை என்று சோமசேகரம் சொல்லியிருக்கிறான். "அப்ப இப்ப எங்களுக்குச் சோறு போட்டது ஆர்?" என்று மனிதர் கேட்டுவிட்டார். கலியாணத்தில் பொம்பிளையின் மாமி, தகப்பனின் தங்கை, நிற்கவேண்டும், இல்லாவிட்டால் பேச்சில்லை என்று சொல்லி எழும்பியும் விட்டார்.

மூன்றாம் நாள் பின்னேரம், கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துச் சோமசேகரம் வந்தான். தலைமயிர் நரைத்திருந்தது. அவள் வாங்குப் பலகையை இழுத்துப் போட்டாள். அவன் இருக்கவில்லை.

"கலியாணத்துக்கு வா, கனகம்."

"வாறன். அவரையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு."

அவன் மேசையைக் காட்டினான். "இந்தப் பாதியைத் தா. நான் ஒட்டுவிச்சுப் போட்டு, வீட்டிலை முழு மேசையாப் போடுறன். வாறவைக்கு ஒரு கதையும் இருக்காது."

"ஒட்டுறதெண்டால் உங்கடை பாதியை இஞ்சை கொண்டுவாங்கோ. இது அசையாது. இதிலை ஒரு நாளைக்கு நாப்பது பேர் சாப்பிடுகினம், அண்ணை. உங்கடையிலை ஆர் சாப்பிடுகினம்?"

அவன் படலையைச் சாத்தாமலே போய்விட்டான்.

கலியாணக் கடிதம் வந்தது. உறையில் அவளுடைய பெயர் மட்டும் இருந்தது. கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஒரு கிழமை கழித்து இன்னொன்று வந்தது. 'திரு. திருமதி சந்தியோகு' என்று தமையனின் சாய்ந்த கையெழுத்தில், பேனையை அழுத்தி எழுதியிருந்தது.

கலியாண வீட்டில் மீனா அவளைக் கண்டதும் மணவறைக்குப் போகும் வழியிலேயே நின்று கையைப் பிடித்தாள். ஆனால் பந்தி வைத்தபோது அண்ணி வந்து, "நீர் உள்ளுக்கை வாரும். அவர் பின்பந்தலிலை இருக்கட்டும்" என்று மெல்லச் சொன்னாள்.

கனகாம்பிகை மெல்லச் சொல்லவில்லை. "அப்ப நானும் பின்பந்தலிலை சாப்பிடுறன், அண்ணி" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, சந்தியோகுவுக்குப் பக்கத்தில் மணலில் போய் இருந்தாள். முத்துக்குமாருவின் பந்தியில் கதை நின்றது. எல்லோருடைய கண்ணும் சோமசேகரத்தின் மேல் போனது. அவன் நெற்றி வேர்வையைத் துடைத்தான். பிறகு நடந்து வந்து, தங்கச்சியிடம் அல்ல, சந்தியோகுவிடம், "எழும்பி முன்னுக்கு வாங்கோ" என்றான். பதின்மூன்று வருடத்தில் அவனிடம் சொன்ன முதற் சொல்.

சந்தியோகு மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்த பிறகுதான் எழும்பினான்.

தமையனும் தங்கையும் அதற்குப் பிறகும் பெரிதாய்ப் பேசிக்கொள்ளவில்லை. மேசை ஒட்டப்படவும் இல்லை. கலியாணத்தன்று நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தவள் பட்டுச் சீலையை மாற்றிவிட்டு அடுப்பை மூட்டினாள். ஆறு மணி பஸ்ஸின் கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"கலியாண வீடெண்டு கேள்விப்பட்டன். இண்டைக்குக் கடை பூட்டாக்கும் எண்டு நினைச்சன்."

"ஏன் பூட்ட வேணும்?" என்றாள் அவள். "இருங்கோ. பிட்டு இப்ப அவிஞ்சிடும்."